ஊசி முனையில் பூத்த தோட்டம்



தலையணை உறையிலே, மேசை விரிப்பிலே பூப்போடும் பழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. ஆனால், அதைப் பற்றிக் கேட்டால், "வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகப் போட்டது" என்று சொல்லிவிடுகிறோம். பூத்தையல் வெறும் பொழுதுபோக்குத்தானா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்த ஒரு பெண்மணியை இன்று அறிந்துகொள்வோம்.

அவர் பெயர் மே மாரிஸ். 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை வில்லியம் மாரிஸ் பெயர்பெற்ற கவிஞர். துணிகளுக்கும் சுவர்களில் ஒட்டும் தாள்களுக்கும் பூஞ்சித்திரம் வரைந்தவர். தாய் ஜேன், குதிரை லாயத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் மகள். பழைய பூத்தையல்களைப் பிரித்துப் பார்த்தே அந்தத் தம்பதியர் அக்கலையின் நுணுக்கங்களைக் கற்றனர். மகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் தாயும் சிற்றன்னையும்தாம். பின்னர் லண்டனில் கலைப்பள்ளியிலும் மே பயின்றார். 1885இல், தம் 23ஆம் வயதில், தந்தையின் நிறுவனத்தில் பூத்தையல் பிரிவுக்கே தலைவரானார்.

அவருடைய மாதிரிகள் எங்கிருந்து வந்தன? வேலியோரத்திலிருந்தும் வீட்டுத் தோட்டத்திலிருந்தும் வந்தன. ஆங்கில நாட்டு வேலிகளில் தானாகப் படரும் மணமுள்ள கொடி ஒன்று உண்டு. அதன் பெயர் ஹனிசக்கிள். அக்கொடியை வைத்து 1883இல் அவர் வரைந்த சுவர்த்தாள் சித்திரம் மிகவும் புகழ்பெற்றது. ஆனால் நெடுங்காலம் பலர் அதைத் தந்தையின் படைப்பென்றே எண்ணிவந்தனர்!

செடியைப் பார்த்துத் தைப்பது எப்படி? தண்டு எங்கே வளைகிறது, இலை எந்த இடத்தில் தண்டோடு சேர்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். பிறகு வேண்டாத கோடுகளை விட்டுவிட்டு எளிமையாக வரைய வேண்டும். இதழ் வளரும் திசையிலேயே நூலும் ஓடினால், தட்டையான துணியில் பூ உயிரோடு எழுந்து நிற்கும். நிறங்களுக்கும் மாரிஸ் குடும்பத்தார் இயற்கையையே நாடினர். நீலத்திற்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர் எனச் செடிச் சாயங்களைப் பயன்படுத்தினர்.

கற்றதை மே தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1893இல் அலங்காரத் தையல் பற்றி நூல் எழுதினார், பள்ளியில் கற்பித்தார். அக்காலத்தில் கலைத்தொழிலாளர் சங்கமொன்று பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் 1907இல் பெண்களுக்கென ஒரு கலைச் சங்கத்தைத் தோழியரோடு தொடங்கினார். 1938இல் அவர் மறைந்தார். 2017இல் லண்டனில், தந்தையின் பெயரால் அமைந்த கலைக்கூடத்திலேயே, மகளின் படைப்புகளுக்கென ஒரு பெருங்கண்காட்சி நடந்தது.

தாய்மார்களே! உங்கள் மகள் பூப்போட உட்காரும்போது அச்சடித்த மாதிரியை மட்டும் கொடுக்காதீர்கள். வாசலில் பூத்த செம்பருத்தியைக் காட்டுங்கள். ஒரே காம்பில் மூன்றாய்ப் பிரியும் ரப்பர் இலையைக் கையில் கொடுத்து, "இதை வரைந்து பார், அம்மா" என்று சொல்லுங்கள். மரத்தைப் பார்த்து வேலை செய்து பழகிய நமக்கு இலையின் அழகைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. வேலை முடிந்ததும், துணியின் ஓரத்தில் அவள் தன் பெயரையும் தைக்கட்டும். நாளை அந்தப் பூவைப் பார்ப்பவர்கள், அதைப் போட்ட கை யாருடையது என்று அறியவேண்டும் அல்லவா?