வெளிச்சம் மின்சாரமாவது எப்படி?
(தொழிலாளர் விஞ்ஞான வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



சூரிய மின்பலகையைப் பார்க்காதவர் இங்கே யாருமில்லை. தெருவிளக்குக் கம்பத்தின் தலையில் இருக்கிறது. வயலில் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல ஆலைகளின் கூரை முழுவதும் இன்று அதுதான். ஆனால் அதற்குள்ளே என்ன நடக்கிறது?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிடுவோம். வெயிலின் சூடு மின்சாரமாகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அல்ல, வெளிச்சம்தான் மின்சாரமாகிறது. சூடு அதற்குப் பகை. பலகையின் சூடு 10 டிகிரி ஏறினால் மின்சாரம் 3, 4 சதவீதம் குறைந்துவிடும். சித்திரை வெயிலில் களைப்பு நமக்கு மட்டுமல்ல!

பலகையிலுள்ள ஒவ்வொரு சில்லும் ஒரு மின்கலம். அது மணலிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த சிலிகனால் ஆனது. சிலிகன் அணு ஒவ்வொன்றுக்கும் நான்கு கை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கைகள்தான் எலெக்ட்ரான்கள். அவற்றால் பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. சில்லின் ஒரு புறத்தில் துளி பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். அதற்கு ஐந்து கை, ஒன்று மிஞ்சுகிறது. மறுபுறத்தில் துளி போரான். அதற்கு மூன்றே கை, ஒன்று குறைகிறது. இரு புறமும் கூடும் இடத்தில் மிஞ்சியவை குறைந்த பக்கம் தாவுகின்றன. அதனால் அங்கே மின்சக்தியாலான ஒரு வால்வு உண்டாகிறது. சைக்கிள் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது அல்லவா? அப்படித்தான் இதுவும். வெளிச்சம் பட்டு ஒரு எலெக்ட்ரான் பிடி விட்டு நழுவினால், வால்வு அதைப் பாஸ்பரஸ் புறத்துக்கே தள்ளும். வந்த வழியே திரும்ப விடாது. கம்பி வழியாக வெளியே சுற்றித்தான் அது மறுபுறம் சேர முடியும். அந்தச் சுற்றுவழியில் நாம் விளக்கை மாட்டுகிறோம், மோட்டாரை மாட்டுகிறோம். சங்கதி அவ்வளவுதான்!

ஒரு சில்லு தருவது சுமார் அரை வோல்ட். 36 சில்லுகளைக் கோத்தால் 12 வோல்ட் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றலாம். எண்ணெய் விட வேண்டாம், பேரிங் மாற்ற வேண்டாம். அசையும் பாகமே கிடையாது.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் இந்தச் சிலிகன் மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில் டெலிபோனுக்கு வைத்த பாட்டரிகள் சீக்கிரம் கெட்டன. மாற்று வழி தேடித்தான் சாப்பின் இதில் இறங்கினார். விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கு அன்று மின்சாரமாயிற்று. இன்று 20 பங்குக்கு மேல். 1955-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கிராமத்து டெலிபோன் கம்பத்தின் மேல் 432 சில்லுகளை வைத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது. ஆனால் விலை! ஒரு வாட்டுக்கு 286 டாலர் ஆகுமென்று சாப்பினே கணக்கிட்டார். அந்த விலை விண்வெளிக்குத்தான் கட்டியது. 1957-ல் பாட்டரியோடு போன முதல் ஸ்புட்னிக் மூன்று வாரம் பேசியது. 1958-ல் சூரிய மின்கலத்தோடு போன அமெரிக்க வான்கார்ட் 1964 வரை பேசியது.

இன்று பலகையின் விலை வாட்டுக்கு அரை டாலர்கூட இல்லை. 100 சதுர அடிக் கூரையில் ஒரு கிலோவாட் பலகை வைக்கலாம். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். சொந்த மாடி உள்ளவருக்கு நல்ல லாபம். வாடகை வீட்டுக்காரர் எங்கே வைப்பார்? கீற்றுக் கொட்டகை அந்தப் பாரத்தைத் தாங்குமா?

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. அதுவும் பொழுது சாய்ந்தால் ஓய்ந்துவிடும். ஆலையின் இரவு ஷிப்டுக்குப் பாட்டரி வேண்டும், அல்லது வேறு மின்சாரம் வேண்டும்.

வயலில் வேறு சிக்கல். டீசல் என்ஜினுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததால் போதுமென்று நிறுத்தினார்கள். சூரியன் காசு கேட்பதில்லை. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் காலை முதல் மாலை வரை இறைத்துக்கொண்டேயிருந்தால், கூலிக்காரர் தெருவின் கைப்பம்பில் காற்றுத்தான் வரும். தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்கும் ஏற்பாடு உண்டு; ஆனால் மின்வாரியக் கம்பி எட்டாத வயலுக்கு அது உதவாது. ஊரில் சூரியப் பம்பு வருகிறதென்றால், எத்தனை குதிரைச் சக்தி, எவ்வளவு ஆழம், கம்பி இணைப்பு உண்டா என்ற மூன்றையும் கிராமசபையில் கேளுங்கள்.