குடல் செருகல்: குழந்தையின் அழுகை நின்றாலும் ஆபத்து நிற்பதில்லை

நன்றாகப் பால் குடித்து விளையாடிக் கொண்டிருந்த ஏழு மாதக் குழந்தை திடீரென்று வீரிட்டு அழுகிறது. முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக் கொள்கிறது. முகம் வெளுக்கிறது. சில நிமிடங்களில் அழுகை நின்று விடுகிறது. "வாயுதான், சரியாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் அதே அலறல். நடுவில் வரும் அந்த அமைதிதான் பெற்றோரை ஏமாற்றுகிறது.

இது குடல் செருகலாக இருக்கலாம். சட்டைக் கையின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் சுருண்டு நுழைவது போல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக் கொள்வதே இந்த நோய். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைகிறது. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளிடம், அதிலும் முதல் வயதில், இது அதிகம் காணப்படுகிறது. சளி, காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்குக்குப் பின் குடல் சுவரிலுள்ள நிணநீர்த் திசுக்கள் வீங்குவது இதைத் தூண்டலாம். தாய் எதையோ சாப்பிட்டதாலோ, குழந்தையைத் தவறாகத் தூக்கியதாலோ இது வருவதில்லை.

செருகிய குடலுக்கு இரத்த ஓட்டம் குறைகிறது, குடல் வீங்குகிறது. நேரம் கடந்தால் அந்தப் பகுதி அழுகி, ஓட்டை விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். விட்டு விட்டு வரும் வலி, வாந்தி, சளியும் இரத்தமும் கலந்த ஜெல்லி போன்ற மலம் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். ஆனால் மூன்றும் சேர்ந்து வரும் குழந்தைகள் பாதிக்கும் குறைவு. இரத்தம் தெரியட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. வாந்தி பச்சை நிறமாக மாறினாலும், குழந்தை அழாமல் துவண்டு கிடந்தாலும் அது அபாய அறிகுறியே. சில குழந்தைகளுக்கு அந்தச் சோர்வு மட்டுமே அடையாளம்.

பேராக் ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகள் நிறைந்திருந்த காலத்தில், குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு என்றால் "குடல் ஏறிவிட்டது" என்று சொல்லி வயிற்றைத் தடவி, குடல் தட்டிவிடும் பாட்டிமார்கள் இருந்தார்கள். தோட்டத்து டிரெஸரிடம் போவது அதற்குப் பிறகுதான். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின. மக்கள் ஈப்போ புந்தோங், சுங்கை சிப்புட் போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். லயங்கள் மறைந்தாலும் அந்தப் பழக்கம் பல குடும்பங்களோடு கூடவே வந்தது.

பாட்டியின் அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வயிற்றின் மேல் தடவும் கையால், உள்ளே செருகிய குடலை வெளியே எடுக்க முடியாது. வீங்கி மெலிந்த குடலை அழுத்தினால் அது கிழியவும் கூடும். விளக்கெண்ணெயும் ஓமத் தண்ணீரும் அடைப்பை நீக்காது. எல்லாவற்றையும் விட, அங்கே வீணாகும் மணி நேரத்தைத் திரும்பப் பெற முடியாது.

ஏன் இந்த அவசரம்? சீக்கிரம் வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வயிற்றைக் கிழிக்கவே வேண்டியதில்லை. டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ரங், ஆசனவாய் வழியாகத் திரவம் செலுத்தி அதன் அழுத்தத்தால் குடலை விடுவிக்கும் முறையை 1876-ல் வெளியிட்டார். 1871-ல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் இரண்டு வயதுக் குழந்தைக்கு அறுவை செய்து வெற்றி கண்டிருந்தாலும், அக்காலத்தில் அறுவை சிகிச்சையில் பிழைப்பது அரிதாகவே இருந்தது.

இன்று அல்ட்ராசவுண்ட் பரிசோதனையிலேயே நோய் தெரிந்துவிடும். குறுக்கு வெட்டில் பார்த்தால் வளையத்துக்குள் வளையமாகக் குடல் காட்சி தரும். முதலில் நரம்பு வழியாகத் தண்ணீரும் உப்பும் ஏற்றுகிறார்கள். பிறகு ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ அளவான அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதிலேயே குணம் கிடைக்கிறது. குடலில் ஓட்டை விழுந்திருந்தாலோ, வயிற்றறை முழுவதும் நோய் பரவியிருந்தாலோ இம்முறை கூடாது. அறுவை சிகிச்சைதான் வழி. அப்போதும் மருத்துவர் குடலை இழுப்பதில்லை. பின்னிருந்து மெல்லத் தள்ளியே விடுவிக்கிறார். அழுகிய பகுதி இருந்தால் வெட்டி எடுத்து இணைக்க வேண்டியிருக்கும். குணமான பின்பும் பத்தில் ஒரு குழந்தைக்கு இது மீண்டும் வரலாம். பெரும்பாலும் முதல் சில நாட்களுக்குள். வீட்டுக்கு வந்த பிறகும் கண்காணிப்பு வேண்டும்.

குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் உள்ளது. ஆனால் பாகான் டத்தோ பக்கமிருந்து ஈப்போ வர 100 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அருகிலுள்ள மருத்துவமனையில் முதலுதவி பெற்று அங்கிருந்து மாற்றப்படும் நேரத்தையும் கணக்கிட்டால், வீட்டில் ஒரு இரவு காத்திருப்பது எவ்வளவு விலை என்பது விளங்கும்.

ஆகவே, அறிகுறி கண்டதும் பெற்றோர் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் குழந்தையைக் கொண்டுசெல்ல வேண்டும். வாகனம் இல்லையென்றால் 999-ஐ அழைக்க வேண்டும். வழியில் பாலோ மருந்தோ கொடுக்கக் கூடாது. முதல் அழுகை எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தம் கலந்த டயப்பர் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லலாம். "விட்டு விட்டு அழுகிறது, இடையில் துவண்டு போகிறது" என்ற இந்த ஒரு வாக்கியம், மருத்துவரைச் சரியான திசையில் யோசிக்க வைக்கும்.

போய்ப் பார்த்து வெறும் வாயு என்று தெரிந்தால் அதனால் நட்டம் ஒன்றுமில்லை. வாயு என்று நினைத்து இருந்துவிட்டால்தான் நட்டம்.