துணையோடு செல்லும் தைப்பூசப் பயணமும் ஸ்கூட்டரை ஆயத்தம் செய்தலும்

(தைப்பூச யாத்திரை செல்லும் அன்பர்களுக்காக ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தைப்பூசம் நெருங்கிவிட்டால் நம் நாட்டுச் சாலைகளில் ஒரு காட்சி தவறாமல் தென்படும். கணவன் முன்னே, மனைவி பின்னே. மகன் முன்னே, வயது முதிர்ந்த தாய் பின்னே. இருவருக்கும் இடையில் ஒரு துணிப்பை; கைப்பிடியில் ஆடிக்கொண்டே வரும் பால்குடம். கார் வாங்க வசதியற்றவர் மட்டுமல்லர், இரு சக்கரத்தில் செல்வதையே விரும்புவோரும் இவர்களுள் உளர். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை ஆண்டுதோறும் வெளிவரும் கணக்குகள் காட்டுகின்றன. ஆதலின் ஆலய மேடையில் டயரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் பேசுவது பொருத்தமற்றதன்று.

எடுத்துக்காட்டாக வெஸ்பா பி.எக்ஸ். 150 ஸ்கூட்டரையும், கோலாலம்பூரிலிருந்து பழைய கூட்டரசுச் சாலை வழியாகப் பினாங்கு தண்ணீர்மலை வரை செல்லும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் பயணத்தையும் கொள்வோம். 1977-இல் வெளிவரத் தொடங்கிய இந்த வரிசை வண்டிகளை இன்றும் பேணிக் காத்து ஓட்டுவோர் நம்மிடையே இருக்கின்றனர். வேறு வண்டி வைத்திருப்போர் தத்தம் கையேட்டில் உள்ள அளவுகளைக் கொள்க.

முதற்கண் உணர வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் ஓட்டும் ஸ்கூட்டரும் இருவர் ஏறிய ஸ்கூட்டரும் ஒரே வண்டி அல்ல. வண்டியின் எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். அதன்மீது அமரும் இருவரின் எடையோ அதனையும் விஞ்சிவிடும். பின்னால் அமர்பவரின் பாரம் ஏறக்குறைய முழுவதும் பின்சக்கரத்தின் மீதே இறங்குகிறது. பின்பாகம் தாழ, முன்பாகம் எழும்புகிறது. கைப்பிடி இலேசாகிறது, முன்விளக்கின் ஒளி சாலையை விட்டு மேலேறி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்கிறது, வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் மாறிவிடுகிறது. ஒருவர் தனியே பட்டறைக்குச் சென்று, தனியே ஓட்டிப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று திரும்பி வருவது பாதி ஆயத்தமே ஆகும்.

டயரிலிருந்து தொடங்குவோம். இவ்வண்டியின் பத்து அங்குலச் சக்கரங்களுக்கு வழக்கமான காற்றழுத்தம் முன்னே 18 பி.எஸ்.ஐ., பின்னே 26 பி.எஸ்.ஐ. இருவர் ஏறினால் பின்சக்கரத்திற்கு 36 பி.எஸ்.ஐ. வேண்டும். இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தனியே வேலைக்குச் சென்றுவந்த அழுத்தத்திலேயே துணையையும் ஏற்றிப் புறப்பட்டால் டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து வளைந்து சூடேறும். வளைவுகளில் வண்டி மிதப்பது போல் தோன்றும். காற்றை அளக்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும் வேளையில், அதாவது புறப்படுமுன். நூறு கிலோமீட்டர் ஓடிய பின்பு எண்ணெய் நிலையத்தில் அளந்து, அதிகமாயிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுவது தவறு.

வெஸ்பாவின் பெருமைகளுள் ஒன்று, அது மாற்றுச் சக்கரம் ஒன்றைத் தன்னோடு சுமந்து செல்வதாகும். முன்னுக்கும் பின்னுக்கும் அதே சக்கரம் பொருந்தும். ஆயினும் பக்கத் தகட்டுக்குள் மறைந்திருப்பதால் பலரும் அதனை மறந்தே போகின்றனர். தேவைப்படும் வேளையில் வெளியே எடுத்தால் அதிலும் காற்று இருக்காது! மாற்றுச் சக்கரத்தில் 36 பி.எஸ்.ஐ. நிரப்பி வைப்பதே அறிவுடைமை. பின்னுக்குத் தேவையானால் அப்படியே மாட்டலாம். முன்னுக்கு என்றால் காற்றை வெளியேற்றிக் குறைத்துக்கொள்ளலாம். நடுவழியில் காற்றைக் குறைப்பது எளிது, ஏற்றுவது அரிது. சக்கரத்தைக் கழற்றும் நட்டுகள் வேறு, சக்கரத்தின் இரு பாதிகளையும் ஒன்றாகப் பிணைக்கும் நட்டுகள் வேறு என்பதை வீட்டு வாசலிலேயே பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பழக வேண்டும். காற்று நிரம்பியிருக்கும்போது பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்தினால் பாதிகள் வெடித்துப் பிரிந்து கையையும் முகத்தையும் பதம் பார்த்துவிடும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. நல்ல பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார். மாற்றுப் பிளக் ஒன்று, அதைக் கழற்றும் சாவி, கிளட்ச் கம்பி ஒன்று, கியர் கம்பி ஒன்று, விளக்குக் குமிழ் ஒன்று ஆகியவை பையில் இருக்கட்டும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் வண்டியானால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் வீதம் 8 லிட்டர் தொட்டிக்கு 160 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். அளவுக் குவளையும் எண்ணெய்ப் புட்டியும் உடன் வரவேண்டும். இருவரைச் சுமக்கும் வண்டி ஒரு தொட்டி பெட்ரோலில் ஈப்போவை எட்டிவிடும் என்று நம்பி ஓட்டுவதைவிட, பீடோரிலோ தாப்பாவிலோ நிறுத்தி நிரப்பிக்கொள்வது மேல். எஞ்சினுக்கும் ஓய்வு, முதுகுக்கும் ஓய்வு.

கோலகங்சாரைக் கடந்து தைப்பிங் செல்லும் வழியில் புக்கிட் பெராப்பிட் ஏற்றம் வரும். தனியே ஓட்டும்போது நான்காம் கியரில் ஏறிய நினைவில், இருவரோடும் அப்படியே ஏற முயன்றால் எஞ்சின் திணறும். மூன்றாம் கியருக்கு முன்னதாகவே இறங்கிவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரே வேகத்தைத் தாங்கட்டும். ஆனால் எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் எஞ்சினுக்கு, முடுக்கியை முற்றிலும் மூடிவிட்டால் எண்ணெயும் குறைந்துவிடுகிறது. ஆகவே நெடிய இறக்கத்தில் இடையிடையே முடுக்கியைச் சற்றே திறந்து மூட வேண்டும்.

சுமையை வைக்கும் முறைதான் பலரும் தடுமாறும் இடம். பையைப் பின்தாங்கியில் கட்டினால், பின்னால் இருப்பவரின் பாரத்தோடு அதுவும் சேர்ந்து முன்சக்கரத்தை மேலும் இலேசாக்கும். முன்னே கால்வைக்கும் தளத்தில் வைத்தாலோ, அது நழுவி பிரேக் மிதிக்கு அடியில் சிக்கிக்கொள்ளக்கூடும். மிதித்தால் இறங்காத பிரேக்கை நெடுஞ்சாலையில் கண்டறிவது கொடுமை. எனவே கனமான பொருள்கள் முன்தளத்தின் இடப்புறத்தில், கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு, வலப்புற மிதியைத் தொடாதவாறு இருக்க வேண்டும். துணிமணி போன்ற இலேசானவை பின்தாங்கிக்குப் போகட்டும். பால்குடத்தைக் கைப்பிடியில் தொங்கவிடலாகாது. அது வெறுமையாகத்தானே இருக்கிறது! துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிடலாம்.

இனி, பின்னால் அமர்பவர். அவர் ஒரு சுமையல்லர். பயணத்தில் பாதிப் பொறுப்புடையவர். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, சுமையையும் கட்டிக்கொண்டு, இருவருமாக முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது நலம். அன்றுதான் முன்விளக்கைச் சரிசெய்ய வேண்டும். இருவரும் அமர்ந்திருக்க, சுவரில் விழும் ஒளியை மூன்றாமவர் ஒருவர் பார்த்துக் கூறட்டும். பகலிலும் மோட்டார் சைக்கிள்கள் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது. தலைக்கவச விதியோ 1973-இலேயே வந்துவிட்டது. எனினும் ஓட்டுபவருக்கு விலையுயர்ந்த கவசமும், பின்னிருப்பவருக்கு வார் அறுந்த பழைய கவசமும் என்னும் நிலை இன்னும் பல வீடுகளில் தொடர்கிறது. தாய்க்கும் மனைவிக்கும் மட்டும் தலை கெட்டியானதா என்ன? காப்புறுதிப் பத்திரத்திலும் பின்னால் அமர்பவருக்கு இடம் உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

புடவையோடு ஒருக்களித்து அமர்ந்து நெடுந்தூரம் செல்வது ஆகாது. முந்தானை சக்கரத்தில் சிக்கிய விபத்துகள் கேட்டறியாதவை அல்ல. சுடிதாரோ காற்சட்டையோ அணிந்து இருபுறமும் கால்போட்டு அமர்ந்து, பட்டுப்புடவையைப் பையில் எடுத்துச் சென்று, தண்ணீர்மலையில் உடுத்திக்கொள்வதால் பக்திக்கு ஒரு குறையும் வந்துவிடாது. வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய்வதும், நிறுத்தத்தில் அசையாமல் இருப்பதும் பழக்கத்தால் வருபவை.

சைகை ஒன்றையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று பின்னாலிருந்து வரும் குரல் காற்றில் கரைந்துபோகும்; காதில் விழுந்தாலும், "இதோ, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லி முப்பது கிலோமீட்டர் ஓட்டும் கணவன்மார் நம்மில் குறைவல்லர். தோளில் இருமுறை தட்டினால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நின்றே ஆகவேண்டும் என்பது உடன்பாடாக இருக்கட்டும். பின்னால் இருப்பவர் கண் அயர்வதை ஓட்டுபவர் காண இயலாது. அயர்ந்தவரின் பிடி தளரும். ஆகவே தூக்கம் வந்தால் தட்டுவதற்குத் தயங்கக்கூடாது.

பட்டர்வொர்த்தை அடைந்ததும் பாலத்தில் போவதா, படகில் போவதா என்ற கேள்வி எழும். 2023 ஆகஸ்டில் சேவைக்கு வந்த புதிய படகுகள் மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொள்கின்றன. நாள் முழுதும் ஓட்டியவருக்குப் பாலத்தின் பக்கக்காற்றைவிடப் படகின் இருக்கை உகந்தது.

திரும்பும் பயணத்தைப் பற்றிப் புறப்படுமுன்பே முடிவெடுக்க வேண்டும். பல நாள் விரதமிருந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறி, இரவெல்லாம் கண்விழித்தவர் அன்றே கைப்பிடியைப் பிடிக்கலாகாது. காவடி எடுத்தவரே ஓட்டுநராகவும் இருப்பின், ஓர் இரவு தங்குவதற்கு உறவினர் வீட்டிலோ மடத்திலோ இடம் கேட்டுவைத்துவிட்டுத்தான் கோலாலம்பூரிலிருந்து கிளம்ப வேண்டும். மறுநாள் காலை டயர் குளிர்ந்திருக்கும். காற்றை மீண்டும் அளந்து, சுமையின் கட்டை இறுக்கி, வெயில் ஏறுமுன் இருவருமாகப் புறப்படலாம்.