பறித்த பதக்கமும் திருப்பிக் கொடுத்த பதக்கமும்



உயிரைப் பணயம் வைத்துப் போரிட்ட ஒருவன் நெஞ்சில் குத்திய பதக்கத்தை, அதைக் குத்திய அரசே பிடுங்கிக்கொள்ளுமா? பிடுங்கியது ஐயா! படையைவிட்டு ஓடினால், கலகம் செய்தால், திருடிச் சிறைக்குப் போனால் பதக்கம் பறிபோகும் என்று பிரிட்டிஷ் படையில் விதி இருந்தது. எல்லாவற்றிலும் உயர்ந்த விக்டோரியா சிலுவையும் அதற்கு விலக்கில்லை. அதை எட்டுப் பேர் இழந்தார்கள்.

எட்டாவது ஆள் ஜார்ஜ் ராவன்ஹில். 1899 டிசம்பர் 15, தென்னாப்பிரிக்காவில் போயர் போர், கொலன்சோ போர்க்களம். குண்டு மழைக்கு நடுவே பீரங்கிகளை மீட்க ஓடியவர் அவர். ஊர் திரும்பினார், வறுமை காத்திருந்தது. 1908-இல் ஆறு ஷில்லிங் பெறுமான இரும்பைத் திருடியதாகத் தீர்ப்பு. அபராதம் கட்டக் காசில்லை, சிறைக்குப் போனார். விக்டோரியா சிலுவையும் போயிற்று. ஆறு ஷில்லிங் இரும்பு, ஒரு மனிதனின் வீரத்தைவிடக் கனத்துவிட்டது!

அதே கொலன்சோவில் நம் சனங்களும் இருந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமக்க காந்தி திரட்டிய படையில் ஏறத்தாழ 1,100 இந்தியர்கள். அவர்களில் 800 பேர் அளவில் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் கரும்புக் காட்டுக்குப் போனார்கள். நம் பாட்டன் பூட்டன் இந்தக் கெடா மண்ணுக்கு வந்தார்கள். ஸ்பியோன் கோப் போரின்போது, காந்தியின் படையினர் ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் தூக்கிச் சுமந்து நடந்தார்கள். போர் முடிந்ததும் தலைவர்கள் 37 பேருக்குப் பதக்கம் கிடைத்தது. தோள் கொடுத்த கூலிகளின் பெயரை நான் படித்த பள்ளிப் புத்தகம் எதிலும் பார்த்ததில்லை.

இருபது ஆண்டுகள் ஓடின. 1920 ஜூலை 26. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் செயலாளர் ஒரு கடிதம் எழுதுகிறார். எந்தக் குற்றம் செய்தாலும் விக்டோரியா சிலுவையைப் பறிக்கக் கூடாது, கொலைக் குற்றத்துக்குத் தூக்குமேடை ஏறுகிறவனும் அதை அணிந்தே ஏறலாம் என்பது மன்னரின் எண்ணம். அதற்குப் பின் ஒருவரிடமிருந்தும் அந்தச் சிலுவை பறிக்கப்படவில்லை.

ஆறே நாள் கழிந்தது. ஆகஸ்டு 1. காந்தி வைஸ்ராய்க்கு எழுதுகிறார். போயர் போர்ப் பதக்கம், 1906 ஜூலுப் போர்ப் பதக்கம், கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் மூன்றையும் வேதனையோடு திருப்பித் தருகிறார். பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை, துருக்கி சுல்தானின் கிலாபத் பதவி பற்றி முஸ்லிம்களுக்குக் கொடுத்த வாக்கில் தவறல். இந்த அநீதிகளுக்கு மனம் வருந்தாத அரசின் மரியாதை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

மன்னரும் காந்தியும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒரே உண்மையைத்தான் தொட்டார்கள் என்பேன். பதக்கம் கொடுத்தவன் கையில் இருக்கிறது. செய்த செயல் செய்தவனுடையது. பறித்ததால் ராவன்ஹில்லின் துணிச்சல் இல்லாமல் போகவில்லை. திருப்பிக் கொடுத்ததால் காந்தி சுமந்த சுமை குறையவில்லை. ஆனால் பதக்கமே பெறாதவனின் செயலை யார் காப்பது? அவனுடைய சந்ததிதான் காக்க வேண்டும். அந்தச் சந்ததி நாம்!

ஜப்பானியர் காலத்தில் இந்தத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் போட நம்மவர்களைக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் நெஞ்சில் எவரும் எதையும் குத்தவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். இந்த வாரமே உங்கள் வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். யார் போனார், எந்தத் தோட்டம், எந்த லயம், யார் திரும்பி வந்தார் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் படியெடுத்துத் தமிழ்ப்பள்ளியிலும் கோயிலிலும் வையுங்கள். எந்த அரசும் கொடுக்காத மரியாதை அது. எந்த அரசாலும் பறிக்க முடியாத மரியாதையும் அதுதான்.