நூலகச் சுவரொட்டியும் நாலாவது விதியும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நூலகத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். நூலகராக இருந்து நான் செய்த ஒரு தவறைப் பற்றியே பேசுகிறேன்.

போட்டித் தேர்வு எழுதுவோருக்காக எங்கள் நூலகத்தில் தனிப் பிரிவு தொடங்கினோம். சுவரொட்டியை நானே தயாரித்தேன். மேலே திறந்து வைப்பவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர் பெயர்கள். நாலு விதமான எழுத்து. பச்சைப் பின்னணியில் சிவப்பு. புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம் என்ற செய்தியோ அடியில், பொடி எழுத்தில்! அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமை.

மூன்று மாதம் கழித்து ஓர் இளைஞர் வந்தார். தினமும் எங்கள் வாசல் வழியாக வேலைக்குப் போகிறவர். கடன் வாங்கி வழிகாட்டி நூல்கள் வாங்கியிருந்தார். அதே நூல்கள் எங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. "போஸ்டர் பாக்கலியா தம்பி?" என்றேன். "பாத்தேன் சார், ஏதோ கட்சிக் கூட்டம்னு நெனச்சுப் போயிட்டேன்" என்றார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அது அலமாரிக்கும் பட்டியலுக்கும் மட்டும் என்று நினைத்திருந்தேன். வாசலில் ஒட்டும் தாளுக்கும் அதுதான் விதி.

பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு தாளுக்கு ஒரே செய்தி. வாசகருக்கு என்ன கிடைக்கும் என்பது பெரிதாக, எப்போது, எங்கே என்பது அதற்கடுத்து, மற்றதெல்லாம் சிறிதாக. பத்தடி தூரத்திலிருந்து படிக்க ஓர் அங்குல உயர எழுத்து என்பது பலகை எழுதுவோர் பின்பற்றும் கணக்கு.

நிறம் அழகுக்கு முன்னால் தெளிவுக்கு. மஞ்சளில் கறுப்பு பளிச்சென்று தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே உண்டு.

எழுத்துருவில் இரண்டு வகை போதும். தமிழ் எழுத்துகளுக்கு மேலே விலங்கு, புள்ளி, கீழே சுழி எல்லாம் உண்டு. வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். இடம் போதவில்லை என்று எழுத்தை நசுக்காதீர்கள், வார்த்தையைக் குறையுங்கள்.

வெற்றிடத்தைக் கண்டு பயப்படாதீர்கள். சுற்றிலும் காலியிடம் இருந்தால்தான் கண் நடுவில் போய் நிற்கும். நாளும் நேரமும் அருகருகே இருக்கட்டும்.

கடைசியாக, ஒட்டுவதற்கு முன் விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். புதிய சுவரொட்டியை நான் காட்டியது அந்தத் தம்பியிடம்தான். "தேர்வுப் புத்தகங்கள், இங்கே இலவசமாகப் படிக்கலாம்" என்ற வரியும், திறந்திருக்கும் நேரமும், அவ்வளவுதான். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது அன்னிக்கே இருந்திருக்கக் கூடாதா சார்?" என்றார்.

மாணவர்களே, நாளை உங்கள் மன்றத்துக்கோ நூலகத்துக்கோ நீங்கள் அறிவிப்பு தயாரிப்பீர்கள். எல்லாரும் பாராட்ட வேண்டும் என்று செய்யாதீர்கள். வாசலைக் கடந்து போகும் அந்த ஒருவர் நின்று உள்ளே வர வேண்டும், அதை நினைத்துச் செய்யுங்கள்.