கணினி கற்றலும் கணினியால் கற்பித்தலும்



இன்று கல்வியியல் கல்லூரியில் பயிலும் இருபத்திரண்டு வயது இளைஞர், பணியேற்றபின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நிற்கப் போகிறவர். அவரிடம் பயிலப் போகும் மாணவர்களோ பல்லாயிரவர். ஆதலால் அவர் கணினியை எவ்வாறு கையாளக் கற்கிறார் என்பது அவர் ஒருவரோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

இந்தியப் பள்ளிகளுக்குள் கணினி நுழைந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. 1984ஆம் ஆண்டில் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வழங்கியது. தமிழகத்தில் 2011 முதல் மாணவர் கைகளுக்கே மடிக்கணினி வந்தது. பின்னர்ப் பாடநூற் பக்கங்களில் கியூ.ஆர். குறியீடுகளும் இடம்பெற்றன. கருவி வந்து சேர்ந்த வேகத்தில் ஆசிரியர் ஆயத்தமானாரா என்பதே கேள்வி.

இது பொருள்வளம் குறைந்த நாட்டின் குறை என்று எண்ணிவிட வேண்டா. கணினித் தொழிலின் தாயகமாகிய கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்குப் பள்ளிகளையே ஆராய்ந்த லாரி கியூபன் என்னும் கல்வியறிஞர், 2001இல் வெளியிட்ட நூலில், கணினிகள் நிறைந்திருந்தும் வகுப்பறையில் அவை மிகக் குறைவாகவே பயன்பட்டன என்றும், பயன்பட்ட இடங்களிலும் பழைய முறைக் கற்பித்தலே தொடர்ந்தது என்றும் கண்டறிந்தார்.

காரணம் என்ன? கணினியை இயக்கத் தெரிவது ஒன்று. அதைக்கொண்டு ஒரு பாடத்தைப் புரியவைக்கத் தெரிவது மற்றொன்று. பாடத்தை அறிந்திருப்பதும், அதனைக் கற்பிக்கும் வகையை அறிந்திருப்பதும் இணைந்த தனி அறிவொன்று ஆசிரியர்க்கு உண்டு என 1986இல் லீ ஷுல்மன் எடுத்துரைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் அதனுடன் தொழில்நுட்ப அறிவையும் பிணைத்தனர். மூன்றும் ஒன்றையொன்று தழுவும் இடமே ஆசிரியர் நிற்க வேண்டிய இடம் என்பது அவர்தம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பது பள்ளிக் கணிதத்தில் வரும் தேற்றம். ஜியோஜீப்ரா என்னும் கட்டணமில்லா மென்பொருளில் வட்டமும் விட்டமும் வரைந்து, வட்டத்தின்மேல் ஒரு புள்ளியை வைத்து நகர்த்தினால், புள்ளி எங்குச் சென்றாலும் கோணம் 90 பாகையாகவே நிற்கும். பயிற்சியற்றவர் தாமே நகர்த்திக் காட்டிவிட்டு, அடுத்த பக்கத்திற்குப் போவார். மாணவர் வேடிக்கை பார்த்திருப்பர். பயின்றவரோ முதலில், "புள்ளி விட்டத்தின் முனையை நெருங்கினால் கோணம் கூடுமா, குறையுமா?" என்று வினவி, ஒவ்வொருவரையும் தம் ஊகத்தை எழுதச் சொல்வார். பிறகு ஒரு மாணவியை அழைத்து நகர்த்தச் செய்வார். வகுப்பு வியக்கும். அவ்வியப்பு அடங்குமுன் கணினியை விட்டுக் கரும்பலகைக்கு வருவார். ஏனெனில், கோணம் மாறவில்லை என்பதைத்தான் திரை காட்டும். ஏன் மாறவில்லை என்பதைச் சொல்லாது. மையத்திலிருந்து அப்புள்ளிக்கு ஓர் ஆரத்தை வரைந்து, இரண்டு இருசமபக்க முக்கோணங்களைக் காட்டி நிறுவும் பணி சுண்ணக்கட்டிக்கே உரியது.

எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்னும் இத்தேர்ச்சி விரிவுரையால் வாராது. மின்சுற்றைத் திரையில் அமைத்துக் காட்டும் பாவனைச் செயலிகள் பல உள்ளன. கையில் மின்கலமும் கம்பியும் சிறு பல்பும் இருக்கையில் அச்செயலியைத் திறப்பது வீண். கம்பிக்குள் நிகழும் மின்னூட்ட ஓட்டத்தை மனக்கண்ணுக்குக் கொணர வேண்டுமாயின், அதுவே பெருந்துணை.

இதற்கான பயிற்சிமுறை கல்வியியல் கல்லூரிகளில் முன்பே உள்ளது. நுண்ணிலைக் கற்பித்தல் 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தபோது, பயிற்சியாளரின் சிறு பாடத்தைப் படம்பிடித்து அவருக்கே காட்டுவது அதன் உயிர்நாடியாக இருந்தது. இந்தியாவுக்கு வந்தபோது ஒளிப்பதிவுக் கருவிக்கு வழியில்லை. எனவே உடன் பயில்வோரே குறிப்புத்தாளுடன் அமர்ந்து உற்றுநோக்கினர். ஆறு நிமிடம் கற்பித்து, ஆறு நிமிடம் குறைநிறை கேட்டு, பன்னிரண்டு நிமிடம் திருத்தியமைத்து, மீண்டும் கற்பித்து, மீண்டும் கருத்துக் கேட்கும் முப்பத்தாறு நிமிடச் சுழற்சி அவ்வாறு அமைந்தது. அன்று கிடைக்காத கருவி இன்று மாணவ ஆசிரியரின் சட்டைப்பையிலேயே கைப்பேசியாக இருக்கிறது. அதனைக்கொண்டு பதிந்து பார்க்கட்டும். திரையைப் பார்த்துப் பேசி, வகுப்புக்கு முதுகு காட்டியதை அவரே காண்பார். கடைசி வரிசையில் ஒருவன் கையுயர்த்தி, சலித்துத் தாழ்த்தியதையும் காண்பார். பேராசிரியர் பத்து முறை சொல்லித் திருந்தாதது ஒருமுறை கண்டால் திருந்தக் கூடும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, பள்ளிக் களப்பயிற்சிக்கு 20 வாரங்கள் ஒதுக்கின; தகவல் தொழில்நுட்பத்திற்கும் தனி இடம் தந்தன. தனி இடம் தந்ததிலும் ஓர் இடர் உண்டு. கணினி அதற்குரிய விரிவுரையாளரின் பொறுப்பாகிவிடுகிறது. கணிதம் கற்பித்தல், வரலாறு கற்பித்தல் எனும் தாள்களை நடத்தும் பேராசிரியர் குறிப்புகளை வாசித்து எழுதச் சொல்லிக்கொண்டிருந்தால், அவரிடம் பயில்வோர் அதையே தம் பள்ளிக்குக் கொண்டுசெல்வர். ஆகவே முதற்கண் ஆயத்தமாக வேண்டியவர் ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியரே.

களப்பயிற்சி மதிப்பீட்டில் ஒரு சிறு தேர்வும் சேர்க்கத்தக்கது. பாடம் நடுவழியில் இருக்கையில் மின்சாரம் நின்றதாகக் கொண்டு, தேர்வாளர் கணினியை அணைத்துவிட வேண்டும். அட்டையில் வெட்டிய ஒரு வட்டத்தையும் சிறிது நூலையும் பையில் எடுத்துவந்திருக்கும் மாணவ ஆசிரியருக்கு முழு மதிப்பெண் வழங்கலாம்.