வானிலைப் படமும் வருண ஜெபமும்

(ஏற்காட்டில், சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நாம் இன்று இங்கு சாமியைப் பற்றிப் பேச வரவில்லை. மழையைப் பற்றிப் பேசவே வந்திருக்கின்றோம். ஆனால் நம் நாட்டில் மழையென்று வாயெடுத்தால் சாமி தானாகவே குறுக்கே வந்து நிற்கின்றபடியால், இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியதாயிருக்கின்றது.

இந்த மலைக்கு மழை எவ்வளவு முக்கியம் என்பதை நாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச்சு, ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் காப்பிச் செடி பூக்கும். அதன் பிறகு சில வாரங்களில் இன்னொரு மழை பெய்தால்தான் காய் பிடிக்கும். தவறினால் தோட்டக்காரருக்கு நஷ்டம், கூலிக்காரருக்கோ பட்டினி. ஆகையால் வயிறு காய்ந்தவன் 5,326 அடி உயரத்திலுள்ள குகைக்கு ஏறிப்போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் மழை கேட்கின்றான். அவனுடைய கவலையை நாம் பரிகாசம் செய்யவில்லை. கவலை உண்மையானது. அதற்குக் கிடைக்கும் பதில் உண்மையானதா என்பதுதான் நம் கேள்வி.

சென்ற வாரம் நாமும் அந்த உச்சிக்கு ஏறினோம். தேங்காய் பழத்துக்குப் பதிலாக ஒரு சிற்றலை ரேடியோவும், இருபது கஜம் செம்புக் கம்பியும், ஒரு லாப்டாப்பும் கொண்டு போனோம். கம்பியை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி ரேடியோவைத் திருப்பினால், வினாடிக்கு இரண்டு தடவை "சரக், சரக்" என்று அறுப்பதுபோல் ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர் "என்ன அய்யா, பேய் பேசுகிறதா?" என்றார். பேய் அல்ல. ஜப்பான் தேசத்து வானிலை இலாகா நடுக்கடல் கப்பல்களுக்காக ஒலிபரப்பும் வானிலைப் படம். 7795, 13988.5 கிலோஹெர்ட்ஸ் முதலிய அலைகளில் அது வரும். பகலில் மேல் அலையும் இரவில் கீழ் அலையும் நன்றாக எட்டும்.

சத்தம் எப்படிப் படமாகும் என்று கேட்பீர்கள். அங்கே வரைபடத்தை ஒரு ஓரத்திலிருந்து கோடு கோடாகப் படிக்கிறார்கள். கறுப்புப் புள்ளி வந்தால் 1,500 அதிர்வுள்ள கட்டைச் சத்தம். வெள்ளை வந்தால் 2,300 அதிர்வுள்ள கீச்சுச் சத்தம். ஒரு கோட்டுக்கு அரை வினாடி. நிமிஷத்துக்கு 120 கோடு. இந்தச் சத்தம் நம் காதில் விழ வேண்டுமானால் ரேடியோவை மேல் பக்கப்பட்டையில் வைத்து, சொன்ன எண்ணுக்கு 1.9 கிலோஹெர்ட்ஸ் கீழே, அதாவது 7795-க்கு 7793.1 என்று திருப்ப வேண்டும். பிறகு லாப்டாப்பிலுள்ள இலவசப் புரோகிராம் கட்டைச் சத்தத்துக்குக் கறுப்பும் கீச்சுக்கு வெள்ளையுமாக மறுபடியும் கோடு போட்டுக்கொண்டே போகும். இதில் மந்திரம் எங்கேயிருக்கின்றது?

முதல் படம் நமக்குச் சாய்ந்து வந்தது. கடற்கரையெல்லாம் சரிந்து கிடந்தது. காரணம், நம் கருவியின் கடிகாரம் அவர்கள் கடிகாரத்தைவிட மயிரிழை பிந்தியிருந்ததுதான். திருத்தினோம், நிமிர்ந்து விட்டது. தூரத்துக்குப் படம் அனுப்பும் இந்த யோசனையை 1843-இல் முதன்முதல் பதிவு செய்த அலெக்சாந்தர் பெய்ன் என்பவர், ஸ்காட்லாந்தில் ஒரு குடியானவரின் மகன். கடிகாரத் தொழில் கற்றவர். இரண்டு முனையிலும் கடிகாரம் ஒன்றாக ஓடவேண்டும் என்று கண்டவர் ரிஷியல்ல, கடிகாரக்காரர்!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உச்சிக்குப் போனால் வானத்துக்குக் கிட்டே, ஆகையால் நன்றாகப் பிடிக்கும் என்று நாமும் நம்பித்தான் ஏறினோம். சேலத்தில் வீட்டு மாடியில் வெறும் இரைச்சல்; உச்சியில் தெளிவான படம். நம்பிக்கை பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் சோதிக்காமல் விடுவானேன் என்று, இறங்கி வரும்போது மின்சாரக் கம்பியில்லாத ஒரு பள்ளத்தில் ஏரியலைக் கட்டிப் பார்த்தோம். அங்கும் அதே தெளிவு! சிற்றலை நூறு மைலுக்கு மேலுள்ள மின்னேறிய காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. அதற்கு நம் ஒரு மைல் மலை எம்மாத்திரம்? உதவியது உயரமல்ல; விளக்குகளும் மோட்டார்களும் செய்யும் இரைச்சல் இல்லாமையே. பலித்தது என்பதாலேயே காரணம் சரியென்று ஆகிவிடாது, தோழர்களே! வேண்டுதலுக்குப் பிறகு பெய்த மழையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

இனி பஞ்சாங்கத்தை எடுத்துக் கொள்வோம். இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எத்தனை பங்கு, மலைக்கு எத்தனை பங்கு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கின்றது. எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று கேட்டால் பதிலில்லை. பொய்த்தால் யாரும் மன்னிப்புக் கேட்பதுமில்லை. வருண ஜெபமோ இன்னும் சௌகரியம். மழை பெய்தால் மந்திரத்தின் மகிமை. பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவம்! வானிலைப் படத்திலோ இன்ன தேதி, இன்ன மணி என்று போட்டிருக்கும். நாளைக்கு எப்படியிருக்கும் என்று இன்றே வரைந்த படத்தை நாளை வரும் படத்தோடு வைத்துப் பார்த்து யாரும் குற்றம் சொல்லலாம். அதுவும் தப்புவதுண்டு. தப்பியது எங்கே என்று தெரிவதால்தான் வருஷத்துக்கு வருஷம் திருந்துகின்றது.

அன்றியும், இந்தப் படம் ஒருவன் ஞான திருஷ்டியில் கண்டதல்ல. நம் ஊர்க் கணக்கில் காலை 5.30, பகல் 11.30 என்று ஆறு மணிக்கொரு தரம், பல தேசத்தாரும் ஒரே நேரத்தில் காற்றழுத்தத்தை அளந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுகிறார்கள். இந்துக் காற்று, முஸ்லிம் காற்று என்று அதில் பிரிவு உண்டா? 1989 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் பிறந்த 'கே' என்ற புயல் நிலத்தைத் தாண்டி வங்கக் கடலுக்கு வந்து ஆந்திராவில் காவலி அருகே கரையேறிற்று. அது எந்தத் தேசத்து எல்லையில் அனுமதி கேட்டது?

"செல்போனிலேயே எல்லாம் வருகிறதே, இந்தக் கம்பி எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. செல்போன் கோபுரம் கரையோரத்தோடு நின்றுவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் உருவானபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர் அநேகர் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. எத்தனையோ பேர் திரும்பி வரவேயில்லை. அதை விதி என்றார்கள். கடலன்னையின் கோபம் என்றார்கள். ஜப்பான் படம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை; அது வேறு கடலுக்குப் போட்டது. ஆனால் ஜப்பானிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு படம் வந்து சேருமானால், கன்னியாகுமரியிலிருந்து நடுக்கடலுக்கு நாலு தமிழ் வார்த்தை போய்ச் சேர முடியாதா? கருவியும் கம்பியும் இருந்தால் தடுக்கக்கூடிய சாவுக்கு விதி என்று பெயர் வைப்பது, பொறுப்பாளிகளைத் தப்பவிடுவதேயாகும். இன்று படகுகளில் செயற்கைக்கோள் கருவிகள் பொருத்தப்படுகின்றன. விதி என்று எல்லோரும் சும்மாயிருந்திருந்தால் அதுவும் வந்திராது.

ஆகவே தோழர்களே, நாம் சொன்னோம் என்று எதையும் நம்பிவிடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் ரேடியோ இங்கேயே பாடும். பிள்ளைகளைக் கூட்டிவந்து கேளுங்கள். கோடு கோடாகப் படம் வருவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு மழையைப் பற்றி யாரைக் கேட்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.